ஒரே ஆள் 500 கோல்ஃப் மைதானம்: அதெல்லாம் உண்மையில் அவர் வேலைதானா?

நீள்புல்:

கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்ததில்லை, பெரிய போட்டிகளை டிவியில் விடாமல் பார்ப்பதோடு சரி. சில காலமாக ஆட்டக்காரர்களைவிட மைதானங்கள் மேல்தான் கவனம் போகிறது. இங்கே ஏன் தண்ணீர், அந்த மணல் பங்கர் ஏன் சரியாக அந்த இடத்தில், இதையெல்லாம் யார் முடிவு செய்தார் என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்படித் தேடினால் எங்கே திரும்பினாலும் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் என்ற பெயர் வருகிறது. 1906இல் இங்கிலாந்தில் பிறந்து, சின்னப் பையனாக நியூயார்க் மாநிலத்துக்குக் குடிவந்து, 1930இல் தொழிலில் இறங்கி, 2000இல் 94 வயதை எட்ட ஒரு வாரம்கூட இல்லாதபோது இறந்துபோனவர்.

புதிதாகக் கட்டியது, பழையதை மாற்றிக் கட்டியது எல்லாம் சேர்த்து 500க்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 40 மாநிலங்களுக்கு மேல், வெளியே சுமார் 35 நாடுகள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருடத்துக்குச் சராசரியாக ஏழெட்டு. நடுவில் பொருளாதார மந்தம், உலகப் போர் என்று வேலையே இல்லாத வருடங்கள் இருந்திருக்கும், அதைக் கழித்தால் மிச்ச வருடங்களில் இன்னும் கூடும். ஒரு மைதானத்துக்கு நூற்றைம்பது ஏக்கர் பக்கம் நிலம், மண் வேலை, வடிகால், பாசனக் குழாய், புல் பிடித்து நிற்பது என்று ஒன்றரை இரண்டு வருடமாவது ஆகுமே. அப்படியென்றால் எந்த நேரத்திலும் ஒரு டஜன் வேலைக்குக் குறையாமல் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அதுவும் வேறுவேறு கண்டங்களில்.

ஒரு மனிதரால் இது எப்படி முடியும்? கையெழுத்து மட்டும் போட்டாரா? இன்னொன்று, ஆட்டக்காரர்கள் இவரைத் திட்டியதாகவும் நிறையப் படித்தேன். அது எண்ணிக்கையால் வந்த கெட்ட பெயரா, இல்லை வேறு காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மண்வெட்டி:

நான் நில வடிவமைப்பு, வடிகால் பக்கம் வேலை பார்ப்பவன், அந்தக் கண்ணோடுதான் சொல்கிறேன். மைதானம் வரைகிறவரின் நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் கணக்கு அவ்வளவு மலைப்பாகத் தெரியாது.

இந்த வேலையின் உயிர் ரூட்டிங்கில் இருக்கிறது. அதாவது கையில் இருக்கிற நிலத்தில் 18 குழிகளை (முதல் அடியிலிருந்து பந்து குழியில் விழும்வரை ஓடுகிற ஒரு முழுப் பாதையைத்தான் ஒரு குழி என்பார்கள்) எந்த வரிசையில், எந்தத் திசையில் ஓடவிடுவது என்பது. எந்த மேடு கிரீனுக்கு (கொடியும் குழியும் இருக்கிற, ஒட்ட வெட்டிய புல் திட்டு), எந்தப் பள்ளத்தைத் தாண்டி அடிக்க வைப்பது, ஒரு கிரீனை முடித்துவிட்டு அடுத்த டீக்கு (முதல் அடி அடிக்கிற மேடை) எவ்வளவு தூரம் நடக்கணும், காலை வெயிலும் மாலை வெயிலும் எந்தக் குழியில் கண்ணில் அடிக்கும், மழைத் தண்ணீர் எங்கே வந்து தேங்கும், எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். உயரக் கோடுகள் போட்ட நில வரைபடம் ஒன்று கையில் இருந்தால் அனுபவசாலி ஒருவர் மேசையில் உட்கார்ந்தே நாலைந்து மாற்று ரூட்டிங் போட்டுவிடுவார். அப்புறம் நிலத்தை நடந்து பார்த்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். இவ்வளவுதான் பெயர் போட்டவர் கட்டாயம் செய்தாக வேண்டிய பகுதி. மீதி இரண்டு வருடமும் போவது மரம் வெட்டுவது, மண் தள்ளுவது, குழாய் பதிப்பது, கிரீனுக்கு அடியில் சரளை போட்டு அதன் மேல் மணல் கலவை போடுவது, புல் வளரக் காத்திருப்பது என்று. அதில் அவர் நாலு தடவை வந்து நின்று இங்கே இன்னும் ஓரடி உயர்த்து, அந்த பங்கர் வாயைத் திருப்பு என்று சொன்னாலே அது நல்ல கவனிப்பு.

ஜோன்ஸுக்கு ஒரு தலைமுறை முன்னால் டொனால்ட் ராஸ் இதைக் காட்டிவிட்டார். ஸ்காட்லாந்தில் டோர்னாக் ஊர்க்காரர், 1872இல் பிறந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓல்ட் டாம் மாரிஸிடம் தொழில் பழகி, ஊருக்குத் திரும்பிப் புல்லைப் பார்த்துக்கொண்டு மட்டை செய்துகொண்டிருந்தார். 1899இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார், 1948இல் இறக்கும்போது அவர் பெயரில் ஏறக்குறைய 400 மைதானம். விமானமும் இல்லை, புல்டோசரும் இல்லை. ரயில், குதிரை, குதிரை இழுக்கிற மண் வாரி, அவ்வளவுதான். குளிர்காலம் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட், கோடையில் ரோட் ஐலண்டில் ஒரு அலுவலகம். வால்டர் ஹாட்ச், ஜே. பி. மெக்கவர்ன் என்று நம்பிக்கையான உதவியாளர்கள் அவருக்கு இருந்தார்கள். அந்த 400இல் மூன்றில் ஒரு பங்கை அவர் நேரில் பார்த்ததே இல்லை, இன்னொரு பங்குக்கு ஓரிரு தடவைதான் போயிருப்பார் என்பது அவரைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிற மதிப்பீடு.

பார்க்காமலே எப்படி? அங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கிரீனையும் தனித்தனியாக வரைந்து, எங்கே எத்தனை அடி உயரம், எங்கே வெட்டு, எங்கே நிரப்பு, பங்கர் எவ்வளவு ஆழம் என்று பக்கத்திலேயே தன் கையால் குறிப்பு எழுதி அனுப்பிவிடுவார். களத்தில் இருக்கிற மேஸ்திரி கெட்டிக்காரனாக இருந்தால் அந்தத் தாளே போதும். அந்தத் தாள்கள் நிறைய இன்னும் பைன்ஹர்ஸ்டில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைக்கு ராஸ் மைதானத்தை மீட்டெடுக்கிறவர்கள் முதலில் போய் நிற்பதே அங்கேதான். ஒரு வகையில், நேரில் போகாத மைதானங்களுக்குத்தான் அவர் எழுத்தில் அதிகம் விட்டுவிட்டுப் போனார்.

அதே ஆள் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2ஐ என்ன செய்தார் தெரியுமா? 1907இல் 18 குழியாகத் திறந்த அந்த மைதானத்தின் ஓரத்திலேயே வீடு வைத்துக்கொண்டு, சாகும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1930களின் நடுவில்தான் அங்கே மணல் கிரீன்களை எடுத்துவிட்டுப் புல் கிரீன் போட்டார். ஆக ஒரே மனிதரின் பட்டியலில் நாற்பது வருடம் கை வைத்த மைதானமும் இருக்கிறது, தபாலில் போன மைதானமும் இருக்கிறது. 400 என்கிற எண் இரண்டையும் ஒன்று என்றுதான் எண்ணுகிறது.

ஜோன்ஸ் இந்த முறையை அப்படியே எடுத்து ஜெட் விமான காலத்துக்குப் பெரிதாக்கினார். நியூ ஜெர்சியில் மான்ட்கிளேரில் அலுவலகம், ஐரோப்பாவுக்குத் தனியாகக் கேபல் ராபின்சன், அமெரிக்காவில் ஃப்ராங்க் டுவேன், அப்புறம் 1961இல் வந்து முப்பது வருடத்துக்கு மேல் கூடவே இருந்த ரோஜர் ரூலவிச், பிற்பாடு சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேர். 500 என்பது அந்த அலுவலகத்தின் எண். ஆனால் அலுவலகத்துக்குள் என்ன மாதிரி வரையணும் என்பது அவர் முடிவு. அதையும் சும்மா கையெழுத்து என்று தள்ளிவிட முடியாது.


பொடிநடை:

எண்ணிக்கைதான் பேச்சு என்றால் இரண்டு பேரையும் ஓரம் கட்டிவிட்டு டாம் பெண்டலோவைப் பாருங்கள். அபர்டீன்காரர், நியூயார்க்கில் பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தவர். 1890களில் ஸ்பால்டிங் விளையாட்டுப் பொருள் கம்பெனி அவரை ஊர் ஊராக அனுப்பி மைதானம் போட வைத்தது. மைதானம் வந்தால்தானே மட்டையும் பந்தும் விற்கும்! 600க்கு மேல் போட்டார் என்கிறார்கள். காலையில் வந்து டீக்கு ஒரு குச்சி, கிரீனுக்கு ஒரு குச்சி என்று நட்டுவிட்டு மாலை ரயிலில் போய்விடுவார் என்று கேலி செய்தவர்கள் உண்டு.

கேலி செய்வது சுலபம். அப்போது அமெரிக்காவில் முக்கால்வாசிப் பேருக்கு கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாது, பணமும் இல்லை. மாட்டு மேய்ச்சல் நிலத்தில் குச்சி நட்டு ஆட ஆரம்பித்தால்தான் ஆடுகிறவர்கள் வருவார்கள், வந்தபிறகு நல்ல மைதானம் கேட்பார்கள். அதே பெண்டலோ பிறகு சிகாகோ பக்கம் மெடைனாவில் போட்டதில் அமெரிக்காவின் பெரிய போட்டியான யு.எஸ். ஓப்பன் நடந்திருக்கிறது, நிறைய மாற்றங்களுக்குப் பிறகுதான் என்றாலும்.


பதினெட்டாம் கொடி:

மண்வெட்டி சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஜோன்ஸ் விஷயத்தில் ரொம்ப மென்மையாகப் போகிறார். நான் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன்.

ஒரு பாணியை ஐந்நூறு இடத்தில் நடலாம் என்றால் அந்தப் பாணி சொல்லிக்கொடுக்கச் சுலபமாக இருந்தாக வேண்டும். ஜோன்ஸின் பாணி அப்படிப்பட்டது. ஓடுபாதை டீ என்றே பெயர் வாங்கிய நீளமான டீ, பந்து விழுகிற தூரத்தில் இரண்டு பக்கமும் நெருக்குகிற பங்கர், பல மூலைகளோடு பெரிய கிரீன், அதன் முன்னால் ஒரு குளம். பார் (குறித்த அடி எண்ணிக்கையில் குழியை முடிப்பது) எடுப்பது கஷ்டமாக இருக்கணும், போகி (அதைவிட ஒரு அடி கூட) எடுப்பது சுலபமாக இருக்கணும் என்று ஒரு சூத்திரம். இதை எந்த உதவியாளரும் இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்வார், எந்த நிலத்திலும் புல்டோசரை விட்டுச் செய்துவிடலாம். ஹோட்டல் சங்கிலி மாதிரி, கதவைத் திறந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. நிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிற வேலையே அந்த முறையில் குறைந்துபோய்விட்டது.

இது ஆரம்பித்த இடம் ஓக்லண்ட் ஹில்ஸ், டெட்ராய்ட் பக்கம். ராஸ் போட்ட மைதானம், 1918இல் திறந்தது. 1951 யு.எஸ். ஓப்பனுக்காக ஜோன்ஸைக் கூப்பிட்டார்கள். பந்தும் மட்டையும் மாறி தூரம் கூடிவிட்டதால் ராஸின் பழைய பங்கர்களைத் தாண்டி எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அவற்றில் பலவற்றை மூடிவிட்டு, தொழில்முறை ஆட்டக்காரர்களின் பந்து விழுகிற இடத்திலேயே புதிதாகத் தோண்டி, ஃபேர்வேயை, அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவில் ஆடுகிற புல்வழியை, இடுப்பில் பிடித்து இறுக்கினார். போட்டி முழுவதும் பார் 70க்குக் கீழே வந்தது இரண்டே இரண்டு சுற்று, கடைசி நாளில் பென் ஹோகன் 67, கிளேட்டன் ஹெஃப்னர் 69. ஜெயித்த ஹோகனே மொத்தத்தில் பாரைவிட ஏழு அதிகம். இந்த அரக்கனை மண்டியிட வைத்தேன் என்று அவர் சொன்னது நாடெங்கும் பரவியது. யோசித்துப் பாருங்கள், ஜெயித்தவர் மைதானத்தைத் திட்டுகிறார், அதுவே மைதானம் வரைந்தவருக்குப் பெரிய விளம்பரமாகிவிடுகிறது. அதற்கு முன்னால் மைதானம் வரைந்தவர் பெயர் பத்திரிகையில் வருவதே அபூர்வம். அதன் பிறகு யு.எஸ். ஓப்பன் வரப்போகிற கிளப்புகள் எல்லாம் இவரைத் தேட ஆரம்பித்தன.

1970 ஹேசல்டைன் கதை இன்னும் மோசம். மினசோட்டாவில் இவர் புதிதாகக் கட்டி 1962இல் திறந்தது. இலக்கு கண்ணில் படாத குருட்டு அடிகள், வளைந்து திரும்புகிற குழிகள் நிறைய. டேவ் ஹில் என்ற ஆட்டக்காரர், இங்கே குறைவது எண்பது ஏக்கர் சோளமும் நாலு பசு மாடும்தான், நல்ல பண்ணையைக் கெடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லி 150 டாலர் அபராதம் கட்டினார். வேடிக்கை என்னவென்றால் அவர்தான் அந்த வாரம் இரண்டாம் இடம். டோனி ஜாக்லின் ஏழு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார், பாருக்குக் கீழே முடித்ததும் அவர் ஒருவர்தான். பிறகு அதைச் சரி செய்யக் கூப்பிட்டது யாரை? ஜோன்ஸின் இளைய மகன் ரீஸ் ஜோன்ஸை! 1991இல் அங்கே மறுபடி யு.எஸ். ஓப்பன் நடந்தபோது யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

எண்ணிக்கையால் வந்த கெட்ட பெயரா என்று கேட்டீர்கள். பாதி அதுதான் என்பேன்.


நீள்புல்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் தீர்ந்தால் இன்னொன்று வருகிறது. ஓக்லண்ட் ஹில்ஸ் அப்போது ராஸின் பட்டியலிலும் இருக்கிறது, ஜோன்ஸின் பட்டியலிலும் இருக்கிறது, அப்படித்தானே? ஒரே நிலத்தை இரண்டு பேர் கணக்கிலும் எழுதுகிறார்கள் என்றால் இந்த 400, 500 எல்லாம் என்ன கணக்கு? அப்புறம் ஜோன்ஸ் தானே இறங்கி அக்கறையாகச் செய்தது என்று எதையாவது காட்ட முடியுமா, இல்லை எல்லாமே பதினெட்டாம் கொடி சொல்கிற சூத்திரம்தானா?


குளக்கரை:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், ஜோன்ஸ் பக்கம் பேச இங்கே ஒருவராவது வேண்டும்.

இந்தத் தொழிலுக்கென்று படித்து வந்த முதல் ஆள் கிட்டத்தட்ட அவர்தான். ராஸ் காலத்தில் எல்லோரும் ஆட்டக்காரர்களாகவோ புல் பராமரிப்பவர்களாகவோ இருந்து, இல்லையென்றால் வேறு தொழிலிலிருந்து இதற்குள் வந்தவர்கள், அலிஸ்டர் மெக்கன்சி டாக்டர், ஹாரி கோல்ட் வக்கீல். ஜோன்ஸ் ரோசெஸ்டரில் கேடியாக (ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்குகிறவர்) இருந்த பையன், நன்றாக ஆடவும் செய்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் போய் நில அமைப்பு, பயிர் விஞ்ஞானம், நீரியல், நில அளவை என்று வெவ்வேறு துறைகளில் தனக்கு வேண்டிய பாடங்களை மட்டும் தானே பொறுக்கி எடுத்துப் படித்தார். அப்படி ஒரு படிப்பே அங்கே கிடையாது, பட்டமும் வாங்கவில்லை. பிறகு கனடாவின் ஸ்டான்லி தாம்சனோடு 1930இல் கூட்டுச் சேர்ந்தார். சேர்ந்த நேரம் பாருங்கள், பங்குச் சந்தை விழுந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, கிளப்புகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலம். அரசாங்க நிவாரண வேலைத் திட்டங்களில் பொது மைதானங்கள் கட்டித்தான் தாக்குப்பிடித்தார், நியூயார்க்கில் கிரீன் லேக்ஸ் பூங்கா மைதானம் அந்தக் காலத்தது. வேலை இல்லாத பத்துப் பதினைந்து வருடத்தைப் பார்த்தவர் பிறகு வந்த எந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 500க்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

போர் முடிந்ததும் அட்லாண்டாவில் பீச்ட்ரீ, பெரிய ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து செய்தது, 1948. (இரண்டு பேரும் ஜோன்ஸ் என்று குழப்பம் வரக் கூடாது என்றுதான் இவர் ட்ரென்ட் என்பதை விடாமல் நடுவில் வைத்துக்கொண்டார்.) ஓடுபாதை டீ, பெரிய கிரீன் இரண்டும் அங்கேதான் வருகின்றன, அப்போது அது சூத்திரம் இல்லை, விடை. ஒரே மைதானத்தில் பெரிய ஆட்டக்காரரும் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவரும் ஆடணும். டீ நீளமாக இருந்தால் ஆளுக்கேற்ற தூரத்தில் குறியை நகர்த்தி வைக்கலாம், கிரீன் பெரிதாக இருந்தால் கொடியை இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று மாற்றி, மிதிபடுகிற புல்லுக்கும் ஓய்வு கொடுக்கலாம். எவ்வளவு பேர் வந்து மிதித்தாலும் தாங்குகிற மைதானம் வேண்டியிருந்த காலத்தில் இது சாமானிய யோசனை இல்லை.

அகஸ்டாவில் 16ஆம் குழியை டிவியில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் முழுக்கக் குளம், வலது பக்கத்திலிருந்து சரிகிற கிரீன். அது மெக்கன்சி வரைந்தது இல்லை, 1947இல் ஜோன்ஸ் மாற்றியது. அங்கே நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் அவ்வளவு கூத்து நடக்கிற இடம் அது, ஆனால் அகஸ்டா என்றால் மெக்கன்சி பெயரைத்தான் சொல்வார்கள்.

ஹவாயில் மௌனா கேயா, 1964. லாரன்ஸ் ராக்கஃபெல்லர் கேட்டது, எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை, மண்ணே கிடையாது. அந்தப் பாறையையே நொறுக்கிப் பொடியாக்கி அதில் புல் வளர்த்தார்கள். மூன்றாவது குழி கடல் குடைந்த இடத்தைத் தாண்டி அடிக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்பைகிளாஸ் ஹில் 1966, முதல் ஐந்து குழி கடலோர மணல் மேட்டில், மீதி எல்லாம் பைன் காட்டுக்குள். நிலம் சொன்னதைக் கேட்கவில்லை என்று இந்த இரண்டையும் பார்த்துவிட்டு யாரும் சொல்ல முடியாது. ஸ்பெயினில் வால்டெர்ராமாவும் அவருடையதுதான், 1997இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுகிற ரைடர் கோப்பை பிரிட்டனையும் அயர்லாந்தையும் விட்டு வெளியே ஐரோப்பாவில் முதல் தடவையாக நடந்த இடம். அதில் 17ஆம் குழியை மட்டும் ஸ்பெயின் ஆட்டக்காரர் செவே பாயெஸ்டெரோஸ் மாற்றினார்.

இன்னொரு கதை, இதைச் சொல்லாமல் ஜோன்ஸ் பேச்சு முடியாது. நியூ ஜெர்சியில் பால்டுஸ்ரோல் கிளப்பின் 4ஆம் குழி, 1954 யு.எஸ். ஓப்பனுக்காக இவர் மாற்றிக் கொடுத்தது, தண்ணீரைத் தாண்டி அடிக்கணும். ரொம்பக் கஷ்டம், நியாயமே இல்லை என்று உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். இவர் கிளப்பின் ஆட்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் டீயில் நின்று அடித்தார், பந்து நேரே குழிக்குள் போய் விழுந்தது. பாருங்கள், நியாயமான குழிதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முறையீடு அத்தோடு அடங்கியது.


பதினெட்டாம் கொடி:

மௌனா கேயா, ஸ்பைகிளாஸ் இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டியது எல்லாமே நிலம் அபாரமாக இருந்த இடங்கள், பணமும் தாராளமாக இருந்த இடங்கள். சாதாரண நிலம் கிடைத்த மிச்ச நானூற்றுச் சொச்சத்தை வைத்துத்தானே ஒரு அலுவலகத்தை மதிப்பிடணும்? நல்ல நிலத்தில் யார் வேண்டுமானாலும் நன்றாகச் செய்வார் என்று சொல்லவில்லை, ஆனால் சுமாரான நிலத்தில் ராஸின் ஆட்கள் செய்தது இன்றைக்கும் ஆட சுவாரசியமாக இருக்கிறது. மண்ணை அதிகம் புரட்ட வழியில்லாததால் இருந்த மேடுபள்ளத்தையே பயன்படுத்தினார்கள். புல்டோசர் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது.


மண்வெட்டி:

புல்டோசர் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. குதிரையை வைத்து மண் வாரும்போது ஒவ்வொரு வண்டி மண்ணுக்கும் காசு, அதனால் வரைகிறவர் பத்துத் தடவை யோசிப்பார். ஆனால் ராஸையும் ரொம்பப் புனிதப்படுத்த வேண்டாம். பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2இன் கவிழ்த்த கிண்ண கிரீன்களை அவருடைய முத்திரை என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் ஒரு பங்கு பல பத்தாண்டுகளாகப் பராமரிப்புக்காக மேலே மணல் தூவித் தூவி மெல்ல உயர்ந்தது. அதைப் பார்த்துக் காப்பியடித்து வேறு இடங்களில் ராஸ் பாணி என்று கட்டியிருக்கிறார்கள். அவர் பேரில் இருப்பதில் பராமரிப்பாளர் கையும் அவ்வளவு இருக்கிறது.

நீள்புல், உங்கள் முதல் கேள்விக்கு: ஆமாம், இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. ரோசெஸ்டரில் ஓக் ஹில்லும் அப்படித்தான், ராஸ் 1920களில் போட்டது, ஜோன்ஸ் 1956 யு.எஸ். ஓப்பனுக்காக மாற்றியது. இந்தத் தொழிலில் திருத்தி எழுதுவது தவறாகக் கருதப்படுவதில்லை, மரம் வளர்கிறது, பந்து தூரம் கூடுகிறது, பங்கர் விளிம்பு சரிகிறது, இருபது முப்பது வருடத்துக்கு ஒரு தடவை யாராவது கை வைத்தே தீரணும். புதிதாக ஒன்று கட்டுவதும், இருப்பதில் ஆறு பங்கர் மாற்றுவதும் பட்டியலில் ஒரே வரிதான் என்பதால் இந்த எண்களை வைத்து யார் பெரியவர் என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

இப்போது கதை திரும்பியும் விட்டது. ஓக் ஹில்லை 2020 வாக்கில் ஆண்ட்ரூ கிரீன் ராஸ் பக்கம் திருப்பினார், 2023 பி.ஜி.ஏ. போட்டி அதில்தான் நடந்தது. ஓக்லண்ட் ஹில்ஸில் கில் ஹான்ஸ் 2019 முதல் 2021 வரை வேலை பார்த்து, ஃபேர்வேயை அகலமாக்கி, மரங்களை எடுத்து, ஜோன்ஸ் இறுக்கியதைப் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டார். ஹோகன் சொன்ன அரக்கன் இப்போது அங்கே இல்லை. ஆனால் ஜோன்ஸின் பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கும், யாரும் 500ஐ 499 ஆக்கப் போவதில்லை.


பொடிநடை:

பிள்ளைகளைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லையே. மூத்தவர் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர், இளையவர் ரீஸ். 1970களில் இரண்டு பேரும் அடுத்தடுத்து அப்பாவின் அலுவலகத்தைவிட்டுத் தனியாகப் போனார்கள், அப்புறம் அப்பா ஒரு பக்கம், பிள்ளைகள் தனித்தனிப் பக்கம் என்று ஒரே வேலைகளுக்குப் போட்டி. மூத்தவர் பெயரும் அப்பா பெயரும் ஒன்றே என்பதால் பாதிப் பட்டியல்களில் எது யாருடையது என்று குழம்பியிருக்கிறது. எண்ணுகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கணும்.


குளக்கரை:

அதோடு அலபாமாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் போட்டாரா என்று நீள்புல் ஆரம்பத்தில் கேட்டதற்கு நேரடியான பதில் அதில்தான் இருக்கிறது. அந்த மாநிலத்து ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நடத்திய டேவிட் பிரானர், சுற்றுலாவையும் தொழிலையும் இழுக்க மாநிலம் முழுக்க வரிசையாக மைதானம் கட்டலாம் என்று முடிவு செய்து ஜோன்ஸிடம் போனார். 1992இலிருந்து திறக்க ஆரம்பித்தார்கள், இப்போது 11 இடங்களில் 26 மைதானம், 468 குழி. வேலை தொடங்கும்போது ஜோன்ஸுக்கு வயது எண்பதைத் தாண்டி சில வருடம் ஆகியிருந்தது. களத்தில் நின்று பெரும்பகுதியைச் செய்தவர் ரோஜர் ரூலவிச். பலகையில் இருப்பது ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் கோல்ஃப் டிரெயில்.

ஜோன்ஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், அந்தப் பெயர் இல்லாமல் அந்தப் பணமும் வந்திருக்காது, அந்த அலுவலகமும் இருந்திருக்காது. ஆனால் நீங்கள் அங்கே போய் நின்று எந்தக் கிரீனை யார் வரைந்தார் என்று கேட்டால், ரூலவிச் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். அவர் 1990களில் சொந்தமாக அலுவலகம் தொடங்கிவிட்டார், அதில் போட்ட மைதானங்கள் அவர் பெயரிலேயே இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிரோன் படங்களாவது பாருங்கள், பங்கர் விளிம்பை எப்படி முடித்திருக்கிறார், கிரீனுக்குப் பின்னால் மண்ணை எப்படி ஏற்றியிருக்கிறார் என்பதில் கையை அடையாளம் காண முடியும்.


நீள்புல்:

இது நான் எதிர்பார்க்காத திசை, ரூலவிச் பெயரை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இனி அவருடைய மைதானங்களையும் பைன்ஹர்ஸ்ட் வரைபடத் தாள்களையும் தேடப் போகிறேன். யாரிடமாவது ராஸின் ஒரு கிரீன் தாளும், இன்றைக்கு அந்தக் கிரீன் இருக்கிற படமும் சேர்ந்து இருந்தால் இங்கே போடுங்கள்.